வலப்பக்க வலியெல்லாம் குடல்வால் வலி அல்ல!

குடல்வாலை எடுத்த பிறகும் அதே இடத்தில் அதே வலி திரும்பி வருகிறதா? கிரோன் நோயாக இருக்கலாம். கொங்கு நாட்டில் இன்னும் பலருக்குப் பெயர்கூடத் தெரியாத இந்த நோயைப் பற்றி ஒரு சிறப்புப் பார்வை.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஒருவருக்கு அடிவயிற்றில் வலப்பக்கம் வலி என்றால், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் நோய்க்குப் பெயர் வைத்துவிடுவார்கள். "அப்பெண்டிஸா இருக்கும் கண்ணு, தள்ளிப் போடாம போய்ப் பாத்துருங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரு காலத்தில் இதே வலிக்குத் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போய், குடல்வால் உள்ளேயே வெடித்துச் சீழ் பரவிய பிறகு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர்கள் உண்டு. இன்று வலி வந்த அன்றே ஸ்கேன், மறுநாளே ஆபரேஷன் என்று ஊர் மாறியிருக்கிறது. இந்த மாற்றம் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் அதே வலியோடு வருகிறவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு நோய் வேறு. குடல்வாலை எடுத்துவிடுவார்கள், தையல் பிரித்துவிடுவார்கள், வீட்டில் கறிக்குழம்பும் வைத்துவிடுவார்கள். சில வாரமோ சில மாதமோ போனதும் அதே இடத்தில் மறுபடி வலி வரும். "எடுத்தாச்சே, இனி என்ன வலி?" என்று வீடே குழம்பும். உள்ளே தழும்பு ஒட்டிக்கொண்டது, வாயு, சூடு, மனசு சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நோயாளியின் எடை மட்டும் மாதாமாதம் குறைந்துகொண்டே போகும்.

இவர்களில் சிலருக்கு உள்ளே இருப்பது கிரோன் நோய். குடல் அழற்சி நோய்கள் என்று மருத்துவர்கள் சொல்லும் இரண்டு பெரிய வகைகளில் அது ஒன்று. மற்றொன்று பெருங்குடல் புண் நோய்.

ஒரே இடம், வேறு வேறு நோய்

தொப்புளிலிருந்து வலப்பக்க இடுப்பெலும்பின் முன்முனைக்கு மனத்தால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் கடந்த இடத்தில் விரலால் அழுத்தினால் வலிக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889-ல் எழுதிவைத்த இடம் அது. குடல்வால் அழற்சியைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் விரல் முதலில் போவது அங்கேதான்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தோலுக்குக் கீழே குடல்வால் மட்டும் இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலோடு சேரும் சந்திப்பும் அங்கேதான் இருக்கிறது. கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம் என்றாலும், அது மிகவும் விரும்பித் தங்கும் இடம் அந்தச் சந்திப்பு. குடல் காசநோய் தங்குவதும் அங்கேதான். டைபாய்டு ஓட்டை போடும் இடமும் ஏறக்குறைய அதுவே. பெண்களுக்கு வலப்பக்கச் சினைப்பையும் கருக்குழாயும் அதை ஒட்டி இருக்கின்றன. சிறுநீரகக் கல் இறங்கி வரும்போதும் வலி அந்தப் பக்கம்தான் தெரியும்.

இடம் ஒன்றுதான் என்றாலும் வேகம் வேறு. குடல்வால் அழற்சி அவசரக்காரன். பொதுவாக வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கும், பசி அடைத்துப்போகும், வாந்தி வரும், ஒரு நாளுக்குள் வலி வலப்பக்கம் கீழே இறங்கி நிலைத்துவிடும். இரண்டு மூன்று நாளில் கதை ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். கிரோன் நோய் அப்படி வருவதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், வந்து வந்து போகும். சாப்பிட்ட பிறகு வயிறு முறுக்கும், இரண்டு வாரம் நன்றாக இருக்கும், மறுபடி வரும். இடையில் பேதி, லேசான காய்ச்சல், வாய்ப்புண், சோகை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருந்தால் உயரம் ஏறாமல் நின்றுபோகும்.

ஆகவே இந்த இரண்டையும் பிரித்தறிய முதலில் உதவுவது எந்த மெஷினும் இல்லை. "இது எத்தனை நாளா இருக்குதுங்க?" என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவதும், கேட்டாலும் "நேத்து ராத்திரியிலிருந்துங்க" என்று முந்தைய ஆறு மாதத்தை மறந்துவிட்டுச் சொல்வதும்தான் பல தவறான முடிவுகளுக்கு ஆரம்பம்.

அதிபருக்கும் இதே கதைதான்

சின்ன ஊர், சின்ன ஆஸ்பத்திரி, அதனால்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் படைகளை நடத்திய டுவைட் ஐசனோவர் 1923-ல், இளம் ராணுவ அதிகாரியாக இருந்தபோது, வயிற்று வலிக்காகக் குடல்வாலை எடுத்துக்கொண்டார். வலி போகவில்லை. அதன் பிறகு பல ஆண்டுகள், போர்க்காலத்தைக் கடந்தும், அவ்வப்போது வயிற்று வலி வந்து அவரைப் படுக்க வைத்துக்கொண்டே இருந்தது. அமெரிக்க அதிபரான பிறகு, 1956 மே மாதத்தில் எடுத்த எக்ஸ்ரே படங்களில்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கித் தடித்திருப்பது தெரிந்தது. அடுத்த மாதமே குடல் அடைத்துக்கொண்டது. ஜூன் 9 அதிகாலையில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் அவசர அறுவை செய்து, அடைபட்ட பகுதியைச் சுற்றி மாற்றுப்பாதை அமைத்தார்கள். முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான் அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. ஆனாலும் தேறினார், அந்த நவம்பரில் மறுபடி தேர்தலில் வென்றார், 1969 வரை வாழ்ந்தார்.

குடல்வால் போனதற்கும் நோய்க்குப் பெயர் கிடைத்ததற்கும் இடையில் 33 ஆண்டுகள். உலகத்தின் சிறந்த மருத்துவர்கள் பக்கத்தில் இருந்த மனிதருக்கே இந்த நிலை. ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: 1923-ல் அந்த நோய்க்கு ஒரு பெயரே நிலைத்திருக்கவில்லை. ஸ்காட்லாந்தின் கென்னடி டேல்ஸீல் 1913-லேயே இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார், கவனித்தவர்கள் குறைவு. 1932-ல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இந்த நோயைத் தனி நோயாக உலகுக்குக் காட்டியது. கிரோனின் கவனத்தை முதலில் ஈர்த்தது ஒரு பதின்பருவப் பையன். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வலப்பக்க அடிவயிற்றில் கட்டி. குடல் காசநோய் என்றுதான் கிரோன் முதலில் சந்தேகப்பட்டார். வெட்டி எடுத்த குடலைச் சோதித்தபோது காசநோய்க் கிருமி எதுவும் அதில் இல்லை.

ஆபரேஷனால் வந்த நோயா?

"கத்தி வெச்சாங்க, அதுக்கப்புறம்தான் எல்லாமே ஆரம்பிச்சுது" என்று பல வீடுகளில் பேச்சு உண்டு. 2007-ல் ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். குடல்வால் எடுக்கப்பட்ட 7 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அறுவைக்குப் பிந்தைய முதல் 6 மாதத்தில் கிரோன் நோய் கண்டறியப்படும் விகிதம் மற்ற மக்களைவிட 8 மடங்குக்கும் மேல் இருந்தது. பிறகு அது வேகமாகக் குறைந்து, சில ஆண்டுகளில் ஏறக்குறைய மற்றவர்களின் அளவுக்கே வந்துவிட்டது.

அறுவைதான் நோயைக் கொண்டுவந்தது என்றால் ஆபத்து ஆண்டுக்காண்டு நீடித்திருக்க வேண்டும். முதல் சில மாதத்தில் மட்டும் குவிந்திருப்பதன் பொருள், அவர்களில் பலருக்கு மேசையில் படுத்த அன்றே கிரோன் நோய் இருந்தது என்பதுதான். குடல்வாலை எடுத்த டாக்டர் நோயைத் தரவில்லை. ஏற்கெனவே இருந்த நோய் அன்று கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

தியேட்டருக்குள் தெரிவது என்ன?

லேப்ராஸ்கோப்பி அறுவையில் கோவைக்கு நாடறிந்த பெயர் உண்டு. ஜெர்மனியின் கீல் நகரில் கர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் 1980-ல் முதன்முதலாகக் கேமரா வழியே குடல்வாலை எடுத்தபோது சக மருத்துவர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். பின்னாளில் அந்த முறையைத் தென்னிந்தியாவில் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர், நாமக்கல் பக்கம் எளிய குடும்பத்தில் பிறந்து கோவை ராமநாதபுரத்தில் ஜெம் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் சி. பழனிவேலு. இன்று கொங்கு நாட்டின் தாலுகா ஊர்களில்கூடச் சிறு துளை வழியே குடல்வாலை எடுக்கிறார்கள்.

இதில் நோயாளிக்கு வலி குறைவு என்பதைத் தவிர இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. பழைய முறையில் வலப்பக்கம் சிறு கீறல் போட்டால் கைக்கு எட்டிய குடல்வாலைத்தான் முதலில் பார்க்க முடியும். கேமரா உள்ளே போனால் வயிறு முழுவதும் திரையில் தெரியும். குடல்வால் வெளிறி, மெல்லிசாக, எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறது. அதன் பக்கத்தில் சிறுகுடலின் கடைசி அரை அடி மட்டும் சிவந்து, தடித்து, விறைத்துக் கிடக்கிறது. மஞ்சள் கொழுப்பு நாலு பக்கமும் விரல்விட்டு அந்தக் குடலைப் பற்றிப் படர்ந்திருக்கிறது. இதைக் கண்டால் அனுபவமுள்ள அறுவை மருத்துவர் நின்றுவிடுவார். கொழுப்பு அப்படித் தவழ்ந்து ஏறுவது கிரோன் நோயின் முக்கிய அடையாளம். குடல்வால் ஒட்டியிருக்கும் பெருங்குடலின் அடிப்பகுதி நன்றாக இருந்தால் குடல்வாலை எடுக்கலாம். அடிப்பகுதியிலேயே அழற்சி இருந்தால், வெட்டிய இடம் ஆறாமல் தோலுக்குப் புழை திறந்துகொள்ளும் ஆபத்து உண்டு என்பதால் பலர் தொடாமல் விட்டுவிடுவார்கள். எது செய்தாலும் கண்டதை எழுதிவைப்பதும், நோயாளியைக் குடல் மருத்துவரிடம் அனுப்புவதும்தான் முக்கியம். ஆகவே குடல்வால் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால், கேமராவை வெளியே எடுப்பதற்கு முன் சிறுகுடலின் கடைசி இரண்டு மூன்று அடியையாவது பார்த்துவிட வேண்டும்.

அடுத்த காட்சி தியேட்டர் வாசலில். நம் ஊர் நர்சிங் ஹோம்களில் ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஒரு கிட்னி ட்ரேயை வெளியே கொண்டுவந்து, "இதாங்க எடுத்தது, பாத்துக்கங்க" என்று உறவுக்காரர்களிடம் காட்டுவார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சதைத்துண்டு. அதை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, மேலே பிளாஸ்திரியில் பெயரெழுதி, "லேப்புல கொடுத்துட்டு வந்துருங்க" என்பார்கள். சில வீடுகளில் அதற்குத் தனியாகப் பணம் என்றதும், "எடுத்தாச்சுல்லங்க, இனி அதுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?" என்று விட்டுவிடுகிறார்கள். லேபில் கொடுத்தாலும் ரிப்போர்ட்டை வாங்கப் போகாதவர்கள் நிறையப் பேர். ஒரு வாரத்தில் தையல் பிரிக்கப் போகும்போது யாரும் அதைக் கேட்பதும் இல்லை.

அந்தத் தாளில் பெரும்பாலும் மூன்று விஷயங்களில் ஒன்று இருக்கும். உண்மையிலேயே அழற்சி என்றால் நிம்மதி. குடல்வால் இயல்பாக இருக்கிறது என்றால், அப்படியானால் வலிக்குக் காரணம் என்ன என்ற கேள்வி இன்னும் மீதமிருக்கிறது. கிரானுலோமா என்று சொல்லும் சிறு முடிச்சுகள் இருப்பதாக எழுதியிருந்தால், கிரோன் நோயோ காசநோயோ வேறு காரணமோ என்று உடனே தேட வேண்டும். மிகச் சில சமயம் கட்டிகளும் அதில் தெரியவருவதுண்டு. வாங்கப்படாமல் லேப் அலமாரியில் கிடக்கும் அந்த ரிப்போர்ட்டால் சிலருக்குப் பல வருட அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

நடுவில் நிற்கும் காசநோய்

மேலை நாட்டுப் பாடப்புத்தகத்தை அப்படியே கொங்கு நாட்டுக்குக் கொண்டுவந்துவிட முடியாது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். பெருந்துறையில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி நடக்கும் இடம் ஒரு காலத்தில் காசநோய் சானடோரியம். சானடோரியம் என்ற பெயர் அந்த இடத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. குடலுக்கு வந்தால் அதற்கும் பிடித்த இடம் அதே வலப்பக்கச் சந்திப்புதான்.

கிரோன் நோய், குடல் காசநோய் இரண்டிலும் எடை குறையும், வலி வரும், குடல் சுருங்கும், பயாப்ஸியில் முடிச்சுகள் தெரியும். ஆனால் மருந்து நேரெதிர். காசநோய்க்குக் கிருமியைக் கொல்லும் மருந்து, குறைந்தது 6 மாதம். கிரோன் நோய்க்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. காசநோய் உள்ளவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடல் முழுதும் பரவக்கூடும். கிரோன் நோய் உள்ளவருக்குக் காசநோய் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தால் கல்லீரல் பாதிக்கும் அபாயம் ஒரு பக்கம், குடல் தழும்பேறிச் சுருங்குவது இன்னொரு பக்கம். இந்தத் தாமதம் குடல் சுருக்கத்தை அதிகப்படுத்துகிறது என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள்.

பிரித்தறிய உதவும் குறிப்புகள் உண்டு. மாலைக் காய்ச்சல், வயிற்றில் நீர் கோத்தல், நெஞ்சு எக்ஸ்ரேயில் தழும்பு, சி.டி. ஸ்கேனில் நடுப்பகுதி அழுகிய நெறிக்கட்டிகள் இருந்தால் பார்வை காசநோய்ப் பக்கம் திரும்பும். ஆசனவாய்ப் பக்கம் புழை, விட்டுவிட்டுப் பல இடங்களில் புண், நீளவாக்கில் ஓடும் புண், மூட்டு வலி இருந்தால் கிரோன் பக்கம். அப்படியும் தெளிவாகாதபோது மருத்துவர்கள் காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமராவை உள்ளே விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை, செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த இரண்டாவது சோதனையைத் தவிர்க்கவே கூடாது. "வலி கொஞ்சம் பரவாயில்லைங்க" என்ற வார்த்தையை நம்பி, குடலை மறுபடி பார்க்காமல் மாத்திரையை மட்டும் தொடர்வதுதான் ஆபத்து.

ஏன் இவ்வளவு தாமதம்?

திருப்பூரில் பீஸ் ரேட்டில் தைக்கிற ஒரு இளைஞருக்கு ஒரு நாள் லீவு என்றால் அந்த நாள் கூலி போச்சு. சனிக்கிழமை சம்பளத்தை எதிர்பார்த்து வீடு இருக்கும்போது, வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விடுவார். அப்படி அடிக்கடி எடுக்கும் சில வலி மாத்திரைகளே குடல் புண்ணைக் கிளறிவிடும். ஆன்டிபயாடிக் போட்டால் கிரோன் நோயின் வலிகூடக் கொஞ்சம் அடங்கும். "மருந்துலயே அமுங்கிருச்சு" என்று அத்தோடு நின்றுவிடுகிறார்கள். மறுபடி வரும்போது வேறு டாக்டர், வேறு சீட்டு, புதுசாக முதலிலிருந்து கதை.

நம் ஊர்ச் சுவர்களில், பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை வாசல்களில், "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" என்ற விளம்பரம் இல்லாத இடமே இல்லை. அந்தப் பவுத்திரம்தான் கிரோன் நோயின் முக்கியமான முகங்களில் ஒன்று. ஆசனவாயை ஒட்டிச் சீழ்க்கட்டி வந்து, உடைந்து, ஆறாமல் புழையாக நிற்பது. பவுத்திரம் வருகிற எல்லோருக்கும் கிரோன் இல்லை. ஆனால் இளவயதில் பவுத்திரம், அதோடு வலப்பக்க வயிற்று வலி, எடைக் குறைவு என்று மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அதைத் தனித்தனி நோயாகப் பார்க்கவே கூடாது. நடப்பது என்னவென்றால், பவுத்திரத்துக்கு ஒரு வைத்தியர், வலிக்கு ஒரு டாக்டர், சோகைக்கு ஒரு டானிக். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. கீழ்ப்பக்கத்துப் பிரச்சினையை வீட்டிலேயே வெளியே சொல்லக் கூச்சப்படுவதால் டாக்டருக்கும் அது தெரிவதில்லை.

இந்த நோய் மேலை நாட்டு நோய், நமக்கு வராது என்ற எண்ணமும் மருத்துவ உலகில் நீண்ட காலம் இருந்தது. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் செய்த ஆய்வுகள் அதை மாற்றின. சி.எம்.சி.யில் செய்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு நமக்கு ரொம்பவே நெருக்கமானது. வீட்டு வளவில் மாடு இருந்தவர்களிடமும், வழக்கமாக மீன் சாப்பிட்டவர்களிடமும் கிரோன் நோய் குறைவாகக் காணப்பட்டது. பட்டியும் தொழுவமுமாக இருந்த கொங்கு வீடுகள் இரண்டு தலைமுறையில் சைட்டு வீடுகளாக மாறிவிட்டதை நினைத்தால் இது யோசிக்க வேண்டிய செய்தி. மாடு வளர்த்தால் நோய் வராது என்று இதற்குப் பொருள் கிடையாது. சிறுவயதில் நம் குடல் பழகும் கிருமிகள் மாறிவிட்டன, அதன் விளைவு நோய்களிலும் தெரிகிறது என்பதற்கான குறிப்பு இது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

வலப்பக்க வயிற்று வலியோடு கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

● வலி ஒரு மாதத்துக்கும் மேலாக வந்து வந்து போவது.
● காரணம் தெரியாமல் எடை குறைவது, பேன்ட் இடுப்பு தளர்ந்துபோவது.
● நான்கு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, குறிப்பாகத் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி.
● மலத்தில் ரத்தம் அல்லது சளி. "மூலம்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.
● பவுத்திரம், ஆசனவாய்ச் சீழ்க்கட்டி.
● திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், மூட்டு வீக்கம், கண் சிவப்பு, கணுக்காலில் வலியுள்ள சிவப்பு முடிச்சுகள்.
● பிள்ளைகள் வயதுக்கேற்ப வளராமல், பருவமடையாமல் தள்ளிப்போவது.
● இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்தம்.
● குடல்வால் எடுத்த பிறகும் அதே வலி.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் சாதாரண ரத்தப் பரிசோதனை: ரத்த அளவு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஆல்புமின். அடுத்து மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு. குடலில் அழற்சி இருந்தால் இது ஏறும். வெறும் குடல் எரிச்சல் நோயாக, அதாவது ஐ.பி.எஸ். ஆக இருந்தால் பொதுவாக ஏறாது. கிருமித் தொற்றிலும் காசநோயிலும் ஏறும் என்பதால் இது மட்டுமே முடிவு சொல்லிவிடாது. உண்மையில் முடிவு சொல்வது கொலோனோஸ்கோப்பி. கேமராவைப் பெருங்குடல் முழுதும் கொண்டுபோய்ச் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள்ளும் நுழைத்துப் பார்த்து, பல இடங்களில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். அதே துண்டில் காசநோய்க் கிருமிக்கான மரபணுச் சோதனையும் செய்யலாம். கேமரா எட்டாத சிறுகுடலைச் சி.டி. அல்லது எம்.ஆர். என்டெரோகிராபியில் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் சென்னைக்கோ வேலூருக்கோ ஓட வேண்டிய காலம் போய்விட்டது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பீளமேடு பி.எஸ்.ஜி., அவினாசி ரோடு கே.எம்.சி.எச். என்று குடல் மருத்துவத்துக்கான வசதி கோவையிலேயே இருக்கிறது. தாராபுரத்திலிருந்தும் கோபியிலிருந்தும் காலை பஸ் ஏறினால் அன்றே பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

வாழ்க்கை அத்தோடு முடிந்துவிடுகிறதா?

இல்லை. கிரோன் நோயை அடியோடு அகற்றும் மருந்து இன்னும் வரவில்லை, ஆனால் அடக்கிவைக்கும் மருந்துகள் இருக்கின்றன. தொடக்கத்தில் ஸ்டீராய்டு குறுகிய காலத்துக்கு. அசதியோப்ரின் நீண்ட காலத்துக்கு. இந்தியர்களில் ஒரு பகுதியினருக்கு இருக்கும் ஒரு மரபணு வேறுபாட்டால் இந்த மாத்திரை வெள்ளணுக்களை வேகமாகக் குறைத்துவிடும். அதனால் தொடக்கத்தில் அடிக்கடி ரத்தம் சோதிக்காமல் இதைச் சாப்பிடக் கூடாது. 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்ஸிமாப் தொடங்கி வந்த உயிரியல் மருந்துகள் இந்த நோயின் போக்கையே மாற்றின. இந்திய நிறுவனங்களே இப்போது அவற்றைத் தயாரிப்பதால் விலை குறைந்திருக்கிறது, ஆனாலும் சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய சுமைதான். இந்த ஊசிகளுக்கு முன் உடலில் உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விட வேண்டும். கிரோன் நோயை அவை மோசமாக்கும்.

சாப்பாட்டில் எல்லோருக்கும் பொதுவான ஒரே பத்தியம் கிடையாது. குடல் சுருங்கியிருப்பவர்கள் நார் நிறைந்த தண்டுக்கீரை, கொப்பரை, பலாச்சுளை போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும், அவை அடைத்துக்கொள்ளலாம். மற்றபடி குழைய வேகவைத்த அரிசிம்பருப்புச் சோறும், ஒத்துக்கொண்டால் மோரும், முட்டையும் மீனும் நிறுத்த வேண்டிய காரணம் இல்லை. பத்தியம் என்ற பெயரில் ஏற்கெனவே எடை குறைந்த பிள்ளையைக் கஞ்சியிலேயே நிறுத்திவைப்பது பெருந்தவறு.

இந்த நோய் பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் வருவதால், பெற்றோரின் முதல் கவலை கல்யாணம். பெண்ணாக இருந்தால் மறைத்துவிடுவார்கள், மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரித்தால் பெரும்பாலான பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். மாத்திரையை நிறுத்தி நோயைக் கிளறிவிட்டுக் கருத்தரிப்பதுதான் ஆபத்து. வெளியே சொல்லாமல் வைப்பதால் அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது பயம் மட்டுமே.

என்ன செய்ய வேண்டும்?

இதைப் படித்துவிட்டு யாரும் குடல்வால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. திடீரென்று வந்து ஒரே நாளில் ஏறுகிற வலி, காய்ச்சல், வாந்தி என்றால் அது அவசரம். அங்கே தயங்கினால் குடல்வால் வெடிக்கும். சந்தேகத்தில் குடல்வாலை எடுத்துவிடும் டாக்டர் தன் நோயாளியின் உயிரைக் காக்கத்தான் எடுக்கிறார். பின்னாளில் அது இயல்பான குடல்வால் என்று தெரிந்தாலும் அவர்மேல் பழி போடுவது நியாயம் ஆகாது.

நியாயமாகக் கேட்க வேண்டியது வேறு. எடுத்த ஒவ்வொரு குடல்வாலும் லேபுக்குப் போக வேண்டும். அதற்கான செலவை ஆபரேஷன் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டால், "எதுக்குங்க டெஸ்ட்டு" என்ற பேச்சுக்கே இடமிருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியில், குடல்வால் எப்படி இருந்தது, சிறுகுடலைப் பார்த்தார்களா, என்ன கண்டார்கள் என்று ஒரு வரி இருக்க வேண்டும். தையல் பிரிக்க வரும் நாளில் ரிப்போர்ட்டை நோயாளியின் கையில் கொடுத்து விளக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புது மெஷின் தேவையில்லை. மருத்துவர் சங்கங்களும் அரசு சுகாதாரத் துறையும் ஒரு சுற்றறிக்கையில் செய்து முடிக்கக்கூடிய காரியம் இது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வலி வந்த தேதிகளை ஒரு காலண்டரில் குறித்துவையுங்கள். பழைய சீட்டு, ஸ்கேன், லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்து, டாக்டர் மாறினாலும் அதே ஃபைலைக் கொண்டுபோங்கள். பவுத்திரமோ ரத்தப்போக்கோ இருந்தால் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள். குடல்வால் எடுத்தும் வலி நிற்கவில்லை என்றால், "வாயுதான்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், குடல் மருத்துவரிடம் போங்கள், கொலோனோஸ்கோப்பி தேவையா என்று நேராகக் கேளுங்கள். ஐசனோவருக்கு 33 ஆண்டு ஆயிற்று, அன்று கேட்பதற்கு நோய்க்கு ஒரு பெயர்கூட இல்லை. இன்று பெயர் இருக்கிறது, சோதனை இருக்கிறது, மருந்து இருக்கிறது, மருத்துவரும் ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறார். இனியும் ஒரு பிள்ளை வருடக்கணக்கில் வலியோடு அலைந்தால், அதற்கு அறியாமையைக் காரணம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.